முழுத் தெளிவில் ஒரு முகம்

பேருந்து ஓட்டுநர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீசையை எடுத்தார். திருமணத்துக்கு முன்பிருந்தே அவர் முகத்தில் இருந்த மீசை. மாதாமாதம் சாயம் பூசுவதைவிட இது எளிது என்று அவருக்குத் தோன்றியிருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனைவி என்ன சொல்லப்போகிறாள் என்ற ஆவலோடு சமையலறை வாசலில் போய் நின்றார். அவள் அவரை நேருக்கு நேர் பார்த்து, "காபி ஆறுது, எடுத்துக்குங்க" என்றாள்.

அவர் காபியைக் குடித்தார். செய்தித்தாளை விரித்தார். வேண்டுமென்றே அவள் எதிரில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மதியம் எதிர்வீட்டு அம்மா கதவருகே வந்து, "ஐயையோ, அண்ணனோட மீசை எங்க போச்சு?" என்று கேட்ட பிறகுதான் மனைவியின் தையல் எந்திரம் நின்றது.

"எனக்கு அப்பவே தெரியும்" என்று சிரித்தாள் அவள். அவரிடம் அவளுக்குப் பொய் சொல்ல வராது. சிரிப்பு முடியும் முன்பே முகம் மாறிவிட்டது.

எதிர்வீட்டு அம்மா போன பிறகு அவர் கேட்டார். "என் மூஞ்சி உனக்குத் தெரியலையாம்மா?"

"காது தெரியுது. சட்டை காலர் தெரியுது" என்றாள் அவள். "நடுவுலதான் யாரோ உள்ளங்கைய வச்சு மறைச்ச மாதிரி இருக்கு."

கண் மருத்துவர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, திரும்ப வராது, ஓரப்பார்வை மிஞ்சும் என்றார். பிறகு ஒரு வழியும் சொன்னார். "பெரிய மானிட்டர் ஒண்ணு வாங்கி லேப்டாப்போட இணைச்சுக்குங்க. சாதாரணது வேண்டாம், ரொம்பத் துல்லியமா காட்டற வகை. பெருசாவும் தெளிவாவும் இருந்தா ஓரப்பார்வையை வச்சே கொஞ்ச காலத்துக்குப் படிக்கலாம், மனுஷங்க முகத்தைப் பாக்கலாம்."

படியிறங்கும்போது மனைவி கேட்டாள். "படிக்கிறது கிடக்கட்டும். உங்க மூஞ்சிய அதுல பாக்கலாமா?"

"பாக்கலாம்னுதான் சொல்றார்."

"அப்ப மீசைய வளருங்க."

லேப்டாப் வீட்டில் இருந்தது; வெளியூரில் வேலை பார்க்கும் மகள் புதியது வாங்கியபோது அனுப்பிய பழையது. அதன் சிறிய திரையில் அவருடைய முகம் மொத்தமும் அந்த உள்ளங்கை மறைப்புக்குள் அடங்கிவிட்டது. மருத்துவர் சொன்ன வகை மானிட்டரோ கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டிய விலையில் இருந்தது. அதனால்தான் ஓட்டுநர் பார்வை நலக் கழகத்தின் படியேறினார். பார்வை குறைந்தவர்களுக்கு இத்தகைய கருவிகளை இரவலாகக் கொடுப்பதற்கென்றே ஏற்பட்ட கழகம் அது.

கழகத்தின் கட்டடம் பெரியது. முன்கூடத்தில் பயனாளிகள் பின்பற்ற வேண்டிய விதிகள் மிகப் பொடி எழுத்தில் எழுதி, உயரத்தில் மாட்டப்பட்டிருந்தன. அவற்றைப் படித்ததாகக் கையெழுத்திட்டால்தான் உள்ளே போகலாம். படிக்க முடியாதவர்கள் என்ன செய்வது என்று ஓட்டுநர் வாசலில் இருந்த பெண்ணிடம் கேட்டார். "படிக்க முடியாதவங்கதான் சார் இங்க வர்றாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் அதுல குறை சொன்னதில்லை" என்றாள் அவள் பெருமையாக.

மானிட்டர் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். காட்சிப் பிரிவு அலுவலர் ஒரு வேனில் அதை வீட்டுக்கே கொண்டுவந்தார். பெட்டியின் குறுக்கே சிவப்பு நாடா கட்டி, மனைவியின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து வெட்டச் சொன்னார். தையல்காரியின் கை அல்லவா, கண் பார்க்காமலே நேராக வெட்டியது. அலுவலர் புகைப்படம் எடுத்துக்கொண்டார். ஓட்டுநர் பெட்டியைத் திறக்கப் போனபோது பதறிவிட்டார்.

"தொடாதீங்க சார்! மானிட்டரைக் கொடுக்கிறது காட்சிப் பிரிவு. லேப்டாப்போட சேர்க்கிறது இணைப்புப் பிரிவு. அவங்க வராம நீங்க சேர்த்தீங்கன்னா அது தன்னிச்சையான இணைப்பு ஆயிடும்."

"ஒரு ஒயர்தானே சார்?"

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க" என்றார் அலுவலர் வருத்தமாக.

பெட்டி கூடத்தில் இருந்தது. மனைவி அதன்மேல் துணி விரித்து, தைத்து முடித்த ரவிக்கைகளை அடுக்கி வைத்தாள். அவருடைய மீசை முளைத்து, உதட்டோரம் குத்தத் தொடங்கிய பருவத்தில் இணைப்பு அதிகாரி வந்தார். வெள்ளைக் கையுறை அணிந்திருந்தார். கேபிளை நீளமான, உள்ளே வெல்வெட் துணி தைத்த பெட்டியில் கொண்டுவந்திருந்தார். அதன் ஒரு முனையை மானிட்டரில் செருகிவிட்டு நிமிர்ந்து நின்றார். யாரும் கைதட்டாததால் தானே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மறுமுனையை லேப்டாப்பின் விலாவில் வைத்துப் பார்த்தார். முனை அகலமாக இருந்தது. லேப்டாப்பில் இருந்த ஓட்டை சின்னதாக, நீள்வட்டமாக இருந்தது.

"சேரலையே சார்" என்றார் ஓட்டுநர்.

"சேர்த்தாச்சு. பொருந்தலை. ரெண்டும் வேற வேற" என்றார் அதிகாரி. "இணைக்கிறது என் பொறுப்பு, அதை நான் செஞ்சுட்டேன். பொருந்தறது லேப்டாப்போட பொறுப்பு. இருபக்கமும் முயற்சி வேணும் இல்லையா? கல்யாணம் மாதிரிதான் இதுவும்."

மனைவி தையல் எந்திரத்துக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "எங்க கல்யாணத்துல கையுறை போட்டவங்க யாரும் வரலைங்க. அதான் பொருந்திடுச்சு."

இரண்டு முனைகளையும் பொருத்தும் சின்ன அடாப்டர் ஒன்று கடைகளில் தொங்குகிறது. ஓட்டுநர் தன் தடத்தில் தினமும் அப்படி ஒரு கடையைத் தாண்டித்தான் பேருந்தை ஓட்டினார். ஆனால் வெளிக்கடைப் பொருள் உள்ளே நுழைந்தால் மானிட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று கழகம் சொல்லியிருந்தது. சிவப்பு விளக்கில், தெரு காலியாக இருந்தாலும், நிற்கிற மனிதர் அவர். காத்திருந்தார். காத்திருந்த காலத்தில் மனைவிக்கு அவருடைய சட்டை காலரும் மறைந்துபோனது. அதை அவள் சொல்லவில்லை. பொத்தான் மாற்றிப் போட்டிருந்ததை அவள் கண்டுபிடிக்காமல் விட்ட அன்று அவரே புரிந்துகொண்டார்.

கடைசியில் கழகத்திடமிருந்தே அடாப்டர் வந்தது. கேபிள் சேர்ந்தது. மானிட்டர் ஒளிர்ந்தது. படம் நனைந்த காகிதம் மாதிரி கலங்கலாக இருந்தது.

"தெளிவளவு அவ்வளவுதான் அனுமதி" என்றார் இணைப்பு அதிகாரி. "மேல கேக்கணும்னா தலைவர்கிட்ட கேளுங்க."

தலைவரின் அறையில் அதே வகை மானிட்டர் ஒன்று இருந்தது. அதில் மிகத் துல்லியமாக ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் அன்பானவர். ஓட்டுநரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கொள்கையை விளக்கினார்.

"தெளிவுங்கிறது பொதுச்சொத்து, ஐயா. அதை யாருக்கு எவ்வளவு கொடுக்கிறதுங்கிறதுல ஒரு நியாயம் வேணும். உங்க மனைவிக்கு இப்ப கால் பங்கு பார்வை. அதனால கால் பங்கு தெளிவு. முழுசையும் கொடுத்தா மிச்சம் முக்கால் பங்கை யார் பாக்கிறது, சுவரா? பார்வை குறையக் குறைய நாங்களும் கூடவே குறைச்சுக்கிட்டு வருவோம். பயனாளியை நாங்க எந்தக் கட்டத்துலயும் தனியா விடறதில்லை."

"முழுத் தெளிவு யாருக்குத்தான் சார் கொடுப்பீங்க?"

"முழுப் பார்வை உள்ளவங்களுக்கு. அவங்க யாரும் விண்ணப்பிக்கிறதே இல்லை" என்றார் தலைவர், உண்மையான வேதனையோடு. "விழிப்புணர்வு போதாது."

ஓட்டுநருக்கு முழுத் தெளிவு கிடைத்தது கழகத்தின் கருணையால் அல்ல, ஆண்டு மலரால். மலரில் போடுவதற்குப் படம் எடுக்க மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். கலங்கலான மானிட்டரைப் படம் எடுத்தால் கழகத்துக்கு அழகில்லை என்பதால், இணைப்பு அதிகாரி கடவுச்சொல்லைப் போட்டுத் தெளிவளவை உச்சத்துக்கு ஏற்றினார். படம் எடுத்தார்கள். மறுபடி இறக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கழகத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் தொடங்கிய எதுவும் அதற்குப் பின்னால் நினைவில் இருந்ததில்லை.

வேன் போனதும் ஓட்டுநர் கதவைச் சாத்தினார். மானிட்டரின் தலையிலேயே ஒரு கேமரா இருந்தது. இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கல்யாண போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருவரும் மானிட்டரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவர் முகம் திரை முழுவதும் நிறைந்தது, ஒவ்வொரு முடியும் தனித்தனியாக. மனைவி நேராகப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, திரையின் வலது மேல் மூலையைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால்தான் நடுவில் இருப்பது ஓரத்தில் விழும். வெளியாள் யாராவது பார்த்திருந்தால் அவள் பல்லியை வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அவள் தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

"தெரியுதா?" என்றார் அவர்.

"எப்ப இவ்ளோ கிழவனாப் போனீங்க?"

"நீ பாக்காத நேரமாப் பாத்துதான்."

"புருவத்துல ஒரு முடி மட்டும் மேல பாத்து நிக்குது. கண்ணுக்குக் கீழ என்ன பை? தூங்கறதே இல்லையா? ஐயோ, மீசைய ஒரு பக்கம் தூக்கி வெட்டி வச்சிருக்கீங்களே, இப்படியேவா தினமும் பஸ் ஓட்டறீங்க? ஜனங்க எப்படி நம்பி ஏறுறாங்க?"

அவர் சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். "திரும்பாதீங்க, மூஞ்சி போயிடுச்சு" என்று அவள் கத்தினாள். அவள் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் அவளைப் பார்க்கக் கூடாது. கேமராவைத்தான் பார்க்க வேண்டும். அதை இருவரும் பழகிக்கொண்டார்கள். அதன்பின் வேலை முடிந்து வந்த ஒவ்வொரு மாலையும் அவர் முகம் கழுவி, தலை வாரி, கேமராவின் எதிரில் போய் உட்கார்ந்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் அத்தனை ஒழுங்காகத் தலை வாரியதில்லை என்று அவள் சொன்னாள்.

அந்த மாலைகளைக் கெடுத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. கழகத்தின் கருத்துக் கேட்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஓட்டுநர் பணியில் இருந்தார்.

"அம்மா வணக்கம். கருவி வந்த பிறகு எப்படி இருக்கீங்க? பார்வை எப்படிம்மா இருக்கு?"

இங்கே மனைவியின் குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நலம் விசாரிக்கிற யாரிடமும் அவள் நன்றாக இல்லை என்று சொன்னதே கிடையாது. காய்ச்சலில் படுத்திருக்கும்போது அழைத்தாலும், "நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க?" என்பாள். கேட்டவர் மனம் நோகக் கூடாது, அவ்வளவுதான். அதுவும் இந்தப் பெண் மகளின் வயதுக் குரலில், இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறாள்.

"நல்லா இருக்கும்மா. எல்லாம் நல்லாத் தெரியுது. உங்க எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நீ சாப்பிட்டியாம்மா?"

அந்த வாரமே கழகத்திலிருந்து ஆள் வந்து வாழ்த்துச் சொன்னார். பார்வை மீண்ட பயனாளி என்று அவளைக் கழகம் அறிவித்திருக்கிறது. ஆண்டு விழாவில் மேடையேற்றிச் சால்வை போர்த்துவார்கள். மறுநாள் காலையில், இனித் தேவைப்படாத மானிட்டரை எடுத்துக்கொள்வார்கள்.

"நான் சும்மா மரியாதைக்குச் சொன்னேங்க" என்றாள் மனைவி. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கழகத்துக்குப் போனார்.

தலைவர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "கழகம் தொடங்கின நாள்லேர்ந்து பார்வை மீண்ட முதல் பயனாளி, ஐயா!"

"மீளலை சார். அவளுக்குக் கண்ணு தெரியாது."

"அப்படிச் சொல்லாதீங்க. அது உங்க தனிப்பட்ட கருத்து. அவங்க சொன்னது பதிவாயிருக்கு."

"டாக்டரை விட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"எங்க டாக்டர் பார்வை குறைஞ்சவங்களைத்தான் பாப்பார். உங்க மனைவி இப்ப அந்தப் பட்டியல்லயே இல்லையே. பட்டியல்ல இல்லாதவங்களைப் பாத்தா உண்மையா பார்வை இல்லாதவங்களுக்கு நாம துரோகம் பண்றதா ஆகும்." தலைவர் குரலைத் தணித்தார். "ஐயா, ஒண்ணு மனசுல வச்சுக்குங்க. எத்தனையோ பேருக்கு எவ்வளவோ செஞ்சோம், ஒருத்தர்கூடத் தேறலை. இந்த ஒருத்தங்களாவது தேறட்டுமே. எங்களுக்காக."

அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து ஓட்டுநருக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது.

"சரி சார். ஆனா மேடையில எல்லார் முன்னாடியும் ஒண்ணு கேளுங்க. கூட்டத்துல உன் புருஷன் எங்க இருக்கார், கையைக் காட்டுன்னு கேளுங்க."

தலைவர் துள்ளிவிட்டார். "அற்புதம்! நிகழ்ச்சி நிரல்லயே சேர்த்துடறேன்!"

ஓட்டுநருக்கு வேண்டியதும் அதுதான். அத்தனை பேர் பார்க்க அவள் தவறான பக்கம் கைகாட்டினால், எந்தப் பிரிவாலும் அதை மறைக்க முடியாது. மானிட்டர் வீட்டிலேயே இருக்கும். மனைவியிடம் அவர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் தன் காதையும் மூக்கையும் தீட்டிக்கொண்டு, கேட்டவர் மனம் நோகாமல் எப்படியாவது சரியாகச் சொல்லப் பார்ப்பாள்.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. அவள் நீலப் புடவையும் தானே தைத்த ரவிக்கையுமாக மேடையில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர் சுவரோரமாக, தூணுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். காட்சிப் பிரிவு அலுவலர் மானிட்டரைப் புகழ்ந்தார். இணைப்பு அதிகாரி கேபிளைப் புகழ்ந்தார். கடைசியாகத் தலைவர் எழுந்து, "கண் என்பது முகத்தில் இல்லை, நிர்வாகத்தில் இருக்கிறது" என்று தொடங்கி வெகுநேரம் பேசினார். சால்வையை நீட்டியபோது மனைவியின் கைகள் சற்றுத் தள்ளி, வெறும் காற்றை வாங்கிக்கொள்ளப் போயின. தலைவர் நகர்ந்து அந்தக் கைகளுக்குள் சால்வையை வைத்தார். கைதட்டல் எழுந்தது.

"அம்மா, இப்ப ஒரு சின்ன விளையாட்டு" என்றார் தலைவர் ஒலிவாங்கியில். "இந்தக் கூட்டத்துல உங்க கணவர் எங்க இருக்கார்னு காட்டுங்க பார்ப்போம்!"

அவளுடைய முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. தலையை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள். ஒருவேளை தெரியவில்லை என்றே சொல்லிவிடுவாளோ என்று ஓட்டுநர் நினைத்தார். ஆனால் அவளிடம் கேட்டாகிவிட்டது. கேட்டவர் பக்கத்திலேயே ஆவலோடு நிற்கிறார். அவள் மெல்லக் கையை உயர்த்தி, நடுவரிசையில் யாரோ குடையை மாட்டி வைத்துப் போயிருந்த ஒரு காலி நாற்காலியைக் காட்டினாள்.

"அதோ" என்றாள்.

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவள் "உஷ்" என்றாள். ஆனால் அவளும் சிரித்தாள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் நகர்ந்தது. ஓட்டுநர் எதிர்பார்த்தது இதைத்தான். இன்னும் கொஞ்ச நேரம் அவர் தூணோரமாகப் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். மேடையில் அவளுடைய கை நீட்டியது நீட்டியபடி இருந்தது. சிரிப்பு எதற்கு என்று அவள் காது தேடிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்தார். வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி" என்று முணுமுணுத்தபடி நடுவரிசைக்கு நுழைந்தார். குடையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இங்கதாம்மா இருக்கேன்" என்று உரக்கச் சொன்னார்.

குரல் தான் காட்டிய இடத்திலிருந்தே வந்ததும் அவளுடைய கை இறங்கியது. முகம் மலர்ந்தது. அவர் எழுந்ததையும், நடந்ததையும், உட்கார்ந்ததையும் மண்டபமே பார்த்தது. தலைவரும் பார்த்தார். பார்த்துக்கொண்டே முதல் ஆளாகக் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

"கணவரே நேரில் வந்து உறுதிசெய்துவிட்டார்!" என்றார் தலைவர். "இதைவிட என்ன சான்று வேண்டும்?"

திரும்பும்போது பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தாள் மனைவி. சால்வை மடியில் இருந்தது.

"சரியாக் காட்டினேனா?"

"சரியாத்தான் காட்டின."

"யாரோ சிரிச்ச மாதிரி இருந்துச்சே."

"இத்தனை வருஷம் ஆகியும் புருஷனைக் கரெக்டா கண்டுபிடிக்கிறாளேன்னு சிரிச்சிருப்பாங்க."

"சட்டை என்ன கலர்னு கேட்டிருந்தா மாட்டியிருப்பேன்" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள். "நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்குவாங்க, இல்ல?"

"ம்."

"அப்ப இன்னைக்குச் சாயந்தரம் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் நாற்காலிகளைத்தான் இழுத்துப் போட்டாள். அவர் முகம் கழுவினார், தலை வாரினார். மானிட்டரைப் போட்டு, கேமராவைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் தலையைச் சாய்த்து, திரையின் மூலையைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தொடங்கி, தைத்த துணியில் பிரிந்த நூல் தேடுகிறவள் மாதிரி, அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கி வந்தாள். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை.

"ஏங்க."

"ம்."

"எதுக்கு அழறீங்க?"

அவர் கேமராவிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாலும் முகம் மறைந்துபோகும்.

"நான் எங்கம்மா அழறேன்" என்றார். "மானிட்டர்ல ஏதோ கோளாறு."

"இருக்கட்டும்" என்றாள் அவள். "அசையாம உக்காருங்க."